பத்துச் சதம்

நியூ சவுத் வேல்ஸில் வெறும் தண்ணீர்ப் போத்தலுக்கும் ஒரு விலை உண்டு: பத்துச் சதம். 2017 டிசம்பர் 1ஆம் திகதி இத்திட்டம் இங்கே தொடங்கியது. தெற்கு அவுஸ்திரேலியாவில் இதே ஏற்பாடு 1977இலிருந்து இருக்கிறது. 150 மில்லிலீற்றரிலிருந்து 3 லீற்றர் வரையான பெரும்பாலான பானப் போத்தல்களையும் தகரங்களையும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். நசுக்கக்கூடாது, லேபிளைக் கிழிக்கக்கூடாது. காசை நாங்களே எடுக்கலாம், தொண்டு அமைப்பொன்றுக்குக் கொடுக்கவும் செய்யலாம்.

இப்படித் தனியாகச் சேரும் பிளாஸ்டிக்கில் உடைந்த கண்ணாடியும் ஈரக் கடதாசியும் கலப்பது குறைவு. அதனால் அது திரும்பவும் போத்தலாக முடிகிறது. ஓல்பரியில் 2022இல் திறக்கப்பட்ட ஆலை இந்த வேலையைத்தான் செய்கிறது.

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் இதை நிதி சேர்க்கும் வழியாகக் கண்டதில் வியப்பில்லை. ஓர் அரங்கேற்றம், இரண்டு பிறந்தநாள் விழாக்கள் போதும், கார் நிறைய வெறும் போத்தல்கள் சேர்ந்துவிடும். ஆயிரம் போத்தல் என்றால் நூறு டொலர். நூலக அலுமாரிக்குப் புதுப் புத்தகங்கள். கணினி வேலைக்காரன் என்பதால் கணக்கு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யார் வீட்டிலிருந்து எத்தனை போத்தல் வந்தது என்று வாராவாரம் பதிந்தேன்.

எங்கள் வீட்டுக்கு நேரே மட்டும் எப்போதும் பூச்சியம். காரணம் அம்மா.

செவ்வாய் இரவு குப்பைத் தொட்டிகளை வீதியோரம் வைக்கும்போது, அம்மா போத்தல்களைத் தனிப் பையில் போட்டு, மஞ்சள் மூடித் தொட்டியின் கைபிடியில் கட்டிவிடுவார். விடியமுன் ஒரு வயதான பெண் தள்ளுவண்டியோடு வந்து எடுத்துப் போவார். அவர் எந்த நாட்டவர் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. கை அசைப்பு மட்டும்தான்.

பள்ளிக்குக் கொடுப்போமே என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க உன்னட்டைக் காசு இருக்குது, தம்பி. அந்த மனுசி வந்து உன்னட்டைக் காசு கேக்கமாட்டா."

தொண்ணூறுகளின் முதற்பாதியில், பொருளாதாரத் தடைக்குள், யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை என்னுடையது. பஞ்சில் ஊறும் அளவுக்குத்தான் மண்ணெண்ணெய். சொப்பிங் பையைக்கூடக் கழுவிக் கொடியில் காயப்போட்ட காலம். அந்த ஊரில் வீடு நடத்திய அம்மாவுக்கு எந்தப் போத்தலும் குப்பையாகத் தெரிந்ததில்லை. ஒருவரிடம் கேட்டு வாங்குவதற்கும் தானே எடுத்துக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரத்தையும் அவர் அறிவார்.

அந்தப் பத்துச் சதத்தை நாங்கள் தானம் செய்வதாக நினைக்கத் தேவையில்லை. திட்டத்தின் செலவு பானத்தின் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. போத்தலைத் தூக்கி வண்டியில் வைத்து, நடந்துபோய், இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்பவர் உழைத்துத்தான் அதைப் பெறுகிறார்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசினேன். வீதியில் பை தொங்கினால் அயலவர் என்ன நினைப்பார்கள் என்றார் ஒருவர். எங்கள் பிள்ளைகளுக்கான காசை ஏன் வெளியாருக்கு விடவேண்டும் என்றார் இன்னொருவர். 'உள்ளூர்ச் சமூகம்' என்று எங்கள் துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டிருந்தோமே, அதற்குள் எங்கள் தெருவில் விடியமுன் நடப்பவர் அடங்கமாட்டாரா என்று கேட்டேன். நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு ஒரு முடிவு வந்தது: விழாப் போத்தல்கள் பள்ளிக்கு; வீட்டுப் போத்தல்கள் அவரவர் விருப்பம். நூலகத்துக்குக் குடும்பத்துக்கு இருபது டொலர். முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை.

உங்கள் தெருவிலும் யாராவது வரக்கூடும். போத்தல்களைத் தொட்டிக்குள் போடாமல், தனிப் பையில் கட்டி வெளியே வையுங்கள். ஒரு முதியவர் குனிந்து எங்கள் குப்பைக்குள் கைவிடும் தேவை அதோடு இல்லாமல் போகும்.