எண்ணெய் எங்கே போகிறது?

சுங்கை பூலோ என்னும் பெயரைக் கேட்டவுடன் கோலாலம்பூர்வாசிகளின் நினைவுக்கு வருவன, 1930இல் நிறுவப்பட்ட தொழுநோயாளர் குடியேற்றமும், அதைச் சுற்றி வளர்ந்த பூச்செடி நர்சரிகளும், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய சோதனைத் தோட்டமுமே ஆகும். ஆனால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சரக்கேற்றிச் செல்லும் லோரிகளும், கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கும் லோரிகளும், குவாரியில் கருங்கல் சுமக்கும் லோரிகளும் பழுது பார்க்க ஒதுங்கும் பட்டறைகளும் அவ்வூரில் உண்டு. அவற்றுள் தமிழர் ஒருவர் தலைமை மெக்கானிக்காக இருக்கும் பட்டறையில், டீசல் யந்திரத்தின் எண்ணெய்க் கோளாறுகளை எவ்விதம் நிர்ணயிக்கிறார்கள் என்பதை நேரில் காணும் விருப்பத்தோடு நான் சென்றிருந்தேன்.

நெளிதகரக் கூரையின் கீழ், எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரையில், முன்தலையைக் கவிழ்த்துத் தூக்கிய நிலையில் ஹினோ லோரி ஒன்று நின்றது. தலைமை மெக்கானிக் அறுபதை நெருங்கியவர். பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, பதினைந்து வயதில் கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் ஸ்பேனர் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, ஏட்டுக்கல்வியின் துணையின்றியே இத்தொழிலின் சூக்ஷ்மங்களையெல்லாம் கற்றவர். வங்காளதேசத்து உதவியாளனிடம் மலாயிலும், உதிரிபாகக் கடைக்காரரோடு தொலைபேசியில் ஹொக்கியனிலும், எங்களிடம் தமிழிலும் அவர் மாறி மாறிப் பேசினார். எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’தான்.

லோரியின் ஓட்டுநர் மிகுந்த கவலையோடிருந்தார். “அண்ணே, மினியாக் ரொம்பக் குடிக்குது. இன்ஜினப் பிரிச்சு ஓவர்ஹால் பண்ணணும்னு முதலாளி சொல்றாரு.”

“எத்தன கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர் ஊத்துன, தம்பி?”

“குறையுறப்பல்லாம் ஊத்துறேண்ணே.”

இந்தப் பதிலில் அண்ணனுக்குத் திருப்தியில்லை. எண்ணெய்ச் செலவு என்பது அளந்து சொல்ல வேண்டிய விஷயமேயன்றி மனத்தில் தோன்றும் அபிப்பிராயம் அன்று என்பது அவருடைய உறுதியான கொள்கை. சரிவில் நிறுத்திய வண்டியிலும், அப்போதுதான் ஓடி நின்று எண்ணெய் இன்னும் அடித்தொட்டிக்கு வடியாத யந்திரத்திலும் அளவுக்கம்பி பொய்யே சொல்லும். அந்தப் பொய்யை நம்பி மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால், சுழலும் கிராங்க் ஷாப்ட் எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்ய, மிகுதி எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக வெளியேறிவிடும். ஓட்டுநரோ மறுபடியும் குறைந்துவிட்டது என்று மறுபடியும் ஊற்றுவார். இப்படி ஊற்றுகிறவனே உண்டாக்கும் குறையை யந்திரத்தின்மேல் ஏற்றிப் பல ஆயிரம் வெள்ளி செலவிட்டவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். யந்திரம் செய்யும் நிறுவனங்களில் பல, எண்ணெய்ச் செலவைக் கிலோமீட்டரோடு மட்டுமன்றி எரிந்த டீசலின் அளவோடும் ஒப்பிட்டுக் கணிப்பதன் காரணமும் எனக்கு அங்கேதான் விளங்கிற்று: முழுப் பாரத்தோடு காராக் மேட்டில் ஏறும் லோரிக்கும் சமதரையில் வெறுமையாக ஓடும் லோரிக்கும் ஒரு கிலோமீட்டர் என்பது ஒரே வேலையாகாது.

பிறகு அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. யந்திரத்தின் பக்கமே போகாமல், சேஸிஸின் ஓரத்திலிருந்த பிரேக் காற்றுத்தொட்டியின் அடித்திருகைத் திறந்தார். சீறிவந்த காற்றோடு, நீர் கலந்த கறுப்பு எண்ணெய் அவர் பிடித்திருந்த தகரத்தில் கொழகொழவென்று விழுந்தது. கனரக லோரியின் பிரேக்குக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸருக்கு யந்திரத்தின் எண்ணெயே மசகு. அதன் ரிங்குகள் தேய்ந்தாலோ, எண்ணெய் திரும்பும் வழி அடைபட்டாலோ, காற்றோடு எண்ணெயும் தொட்டிக்குப் போய்ச் சேரும். வெளியே ஒழுகாது, புகையிலும் தெரியாது. பிரேக் வால்வுகளின் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பணத்தைக் காட்டிலும் உயிருக்கு இதில் அபாயம் அதிகம். “கம்ப்ரஸர மாத்து, காத்துக் குழாயக் கழுவு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி அளந்துட்டு வா. அப்புறம் இன்ஜினப் பத்திப் பேசலாம்” என்று அவர் சொன்னபோது ஓட்டுநரின் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

மற்ற வழிகளையும் அவர் நிதானமாக எடுத்துரைத்தார். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை கிளம்பி அடங்கினாலும், நீண்ட இறக்கத்தில் மிதியை விட்டு இறங்கிய பின் மீண்டும் மிதிக்கும்போது கிளம்பினாலும், வால்வுத் தண்டின் சீல்களையும் கைடுகளையும் சந்தேகிக்க வேண்டும். பாரம் இழுக்கும்போது இடைவிடாது புகைந்து, மூச்சுக்குழலிலிருந்தும் ஆவி வேகமாக வீசினால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்தனவென்று கொள்ளலாம். டர்போவிலிருந்து செல்லும் காற்றுக்குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது உட்புறம் எண்ணெயில் குளித்திருந்தால், டர்போவின் மேல் பழிபோடுமுன் அதன் வடிகுழாய் அடைபட்டிருக்கிறதா, காற்று ஃபில்டர் தூசியால் மூடிக்கிடக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஏனெனில் நல்ல டர்போவும் இவ்விரண்டினால் எண்ணெயை விட்டுவிடும். குவாரி லோரிகளின் விஷயம் வேறு. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் விரலளவு கீறல் விழுந்தாலும் போதும், கருங்கல் தூசி உள்ளே புகுந்து ரிங்குகளையும் லைனரையும் சில வாரங்களிலேயே அராவிவிடும்.

மறுபக்கம் நின்ற இசுஸுவின் குறை வேறுவிதமானது: சூடேறிய பின் ஐடிலிங்கில் எண்ணெய் அழுத்த விளக்கு எரிகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவந்த இளைஞன் ஒருவன் புதிய ஆயில் பம்ப் வரவழைக்க வேண்டும் என்று யோசனை சொன்னான். அண்ணன் அவனைக் கடியாமல், விளக்கின் சென்ஸரைக் கழற்றி அந்தத் துளையில் ஊசிமுள் கேஜ் ஒன்றைப் பொருத்தச் சொன்னார். சென்ஸர் கெட்டும் விளக்கு எரியலாமல்லவா? யந்திரம் நன்றாகச் சூடான பின் முள் 5 பவுண்டுக்குக் கீழே ஆடிற்று. இத்தகைய யந்திரத்தில் ஐடிலிங்கில் 10 பவுண்டாவது நிற்க வேண்டும் என்பது பட்டறை வழக்கு.

“பம்ப் பிரஷரைக் கொடுக்கறதில்ல தம்பி, எண்ணெயைத்தான் தள்ளுது. வெளியில நர்சரியில தண்ணி ஊத்துறவன் குழாய் வாயை விரலால பாதி அடைச்சாத்தானே தண்ணி பீச்சுது? விரல எடுத்தா?” என்று அவர் கேட்டார். பேரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள சந்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அது விரிந்தால் தடை குறைந்து முள் இறங்கும். இந்த விளக்கத்தைக் கேட்கையில் எனக்கு 1883இல் லண்டனில் வெளியான பீச்சம் டவர் என்னும் பொறியாளரின் பரிசோதனை அறிக்கை நினைவுக்கு வந்தது. ரயில் அச்சுப் பேரிங்கின் தலையில் அவர் போட்ட துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி, அடைத்த மரக்கட்டையையும் தள்ளிவிட்டது. அங்கே கேஜ் பொருத்தியபோது, பேரிங் தாங்கிய சராசரிப் பாரத்தைப் போல் இருமடங்குக்கு மேல், 200 பவுண்டுக்கும் அதிகமான அழுத்தம் காணப்பட்டது. சுழலும் தண்டே தன்னைத் தாங்கும் எண்ணெய்ப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் நிறுவினார். ஆகவே கேஜ் காட்டுவது தண்டைத் தாங்கும் சக்தியையன்று. அந்தப் படலத்துக்கு வேண்டிய எண்ணெய் குறைவின்றி வந்துசேர்கிறதா என்பதையே.

அப்போதும் அவர் பேரிங்கைக் குற்றம் சாட்ட அவசரப்படவில்லை. அளவுக்கம்பியை முகர்ந்து பார்த்தார். எண்ணெயில் டீசல் கலந்து இளகினாலும் முள் இறங்கும், அப்போது அளவு குறைவதற்குப் பதில் ஏறும். வாடையும் இல்லை, ஏற்றமும் இல்லை. ஊற்றிய எண்ணெய் 15டபிள்யூ-40தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். ரிலீப் வால்வைக் கழற்றிப் பார்த்ததில் அது தடையின்றி நகர்ந்தது. கடைசியாக ஃபில்டரை அறுத்து, தாளை விரித்து வெயிலில் காட்டினார்; செம்பு நிறத் துகள்கள் மினுங்கின. அதன் பிறகே அடித்தொட்டி இறங்கிற்று. உறிஞ்சு குழாயின் வலையில் அடைப்பில்லை. கனெக்டிங் ராடின் பேரிங் ஓடுகளிலோ சாம்பல் நிற மேற்பூச்சு தேய்ந்து செம்புப் படலம் வெளிப்பட்டிருந்தது. புதிய பம்ப் போட்டிருந்தால் முள் சிறிது காலம் ஏறி நின்றிருக்கலாம். செம்பின் மேல் ஓடிய தண்டு என்றேனும் ஒருநாள் நடுச்சாலையில் இறுகியிருக்கும். இளைஞன் மைக்ராமீட்டரை எடுத்துக் கிராங்க் ஷாப்டின் கழுத்துக்களை ஒவ்வொன்றாக, குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதத் தொடங்கினான்.

இத்தகைய கைகள் இந்நாட்டுத் தமிழரிடையே ஏராளம் இருந்தும், அவற்றின் அறிவு எழுத்தில் ஏறாமலே ஒவ்வொரு தலைமுறையோடும் கரைந்துவருவது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது. லோரி உரிமையாளர்களையும் ஓட்டுநர்களையும் நான் கேட்டுக்கொள்வது இது: வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர், கேஜ் உள்ள வண்டியானால் சூடான பின் ஐடிலிங்கில் காட்டும் அழுத்தம் ஆகியவற்றைத் தவறாமல் குறித்துவாருங்கள், யந்திரத்தைப் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, எதை அளந்து இம்முடிவுக்கு வந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.