சித்திரை வீதியில் பூக்கடையும் பூக்கூடையும்

மதுரையில் பூ வாங்குவதற்கு எவரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கோபுரங்கள் தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். சித்திரை வீதிக்குள் கால் வைத்ததும் மல்லிகையின் மணம் வந்து எதிர்கொள்ளும். அந்த மணம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, பலகை அடுக்கி, விளக்குப் போட்டு, மாலைகளைத் தோரணமாகத் தொங்கவிட்டிருக்கும் கடை. மற்றொன்று, அந்தக் கடைக்குப் பத்தடி தள்ளி, ஈரச் சாக்கு போர்த்திய மூங்கில் கூடையோடு தரையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி. அம்மனைத் தரிசிக்க வருவோரில் பெரும்பாலோர் இவ்விருவரில் ஒருவரிடம் பூ வாங்குகிறார்கள். இவ்விருவருக்கும் இடையே நடக்கும் வியாபாரப் போட்டியை நின்று கவனிப்பவர் சிலரே.

மதுரை மல்லி 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இதன் இதழ் தடித்தது, காம்பு நீண்டது. ஆகவே தொடுப்பதற்கு எளிது, வாடுவதற்கும் நேரம் பிடிக்கும். திருப்பரங்குன்றம், உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துத் தோட்டங்களில் கதிரவன் எழுமுன் மொட்டாகப் பறிக்கப்பட்டு, மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்து சேர்கிறது. காலையில் மொட்டு, அந்தி சாயும் வேளையில் இதழ் விரியும். வியாபாரிக்குக் கிடைக்கும் கால அவகாசம் அவ்வளவுதான். அரிசியையோ துணியையோ போல, இன்று விற்காததை அடுத்த வாரம் விற்கலாம் என்று இருந்துவிட முடியாது.

விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. பங்குனி தொடங்கிக் கோடை முழுவதும் வரத்து மிகுதி, விலை இறங்கும். மார்கழிப் பனியில் செடி மொட்டு விடுவது குறைந்து, கிலோவின் விலை ஆயிரங்களைத் தாண்டிவிடும். முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் விலை ஏறும். அமாவாசை கழிந்த மறுநாள் சரியும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கடைக்காரரும் கூடைக்காரியும் ஒன்றாகவே சந்திக்கிறார்கள். சந்திக்கும் வலிமைதான் இருவருக்கும் வேறு.

தெற்குச் சித்திரை வீதியில் இரண்டு தலைமுறையாகப் பூக்கடை நடத்திவரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கடைக்கு வாடகை உண்டு; மின்கட்டணம் உண்டு; தொடுப்பதற்கு இரண்டு பெண்கள், மாலை கட்டுவதற்குத் தேர்ந்த ஒருவர் என மூன்று பேருக்குக் கூலி உண்டு. மின்தராசு, பனிக்கட்டி இட்ட தெர்மோகோல் பெட்டிகள், சந்தைக்குப் போய்வர ஒரு வண்டி. இத்தனையும் வியாபாரத்துக்குப் பக்கபலம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு முழம் பூவின் விலையில் சில காசுகளை ஏற்றிவிடுகின்றன. கூடை வைத்திருக்கும் அம்மாளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவருடைய முதலீடு ஒரு கூடை, ஒரு கட்டு வாழைநார், பத்து விரல்கள். எனவே கடையில் விற்கும் விலைக்கு ஐந்து ரூபாய் குறைத்து அவரால் கொடுக்க முடிகிறது.

கடைக்காரர் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். அவரும் விலையைக் குறைத்தார். ஒரு மாதம் நட்டம் வந்தது. கூடை அம்மாள் மேலும் இரண்டு ரூபாய் குறைத்தார், அவ்வளவே. வாடகை கொடுக்காதவரோடு விலையில் மோதி வாடகை கொடுப்பவர் வென்றதாகக் கணக்கு ஏது? அடுத்ததாகத் தொடுப்பவர்கள் முழத்தில் பூவை நெருக்காமல் சற்று இடைவெளி விட்டுத் தொடுத்துப் பார்த்தார்கள். இதை வாடிக்கையாளர்கள் இரண்டே நாளில் கண்டுகொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகத் தலையில் பூச்சூடிவரும் பெண்களின் விரல்களை ஏமாற்ற முடியாது. நாரைத் தொட்டதுமே கண்ணி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

முழம் என்ற அளவே ஒரு சுவையான சங்கதி. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம் என்கிறோம். ஆனால் யாருடைய கை? குள்ளமான அம்மாளின் முழமும் உயரமான ஆளின் முழமும் ஒன்றாகுமா? கூடை வியாபாரத்தில் கை எவ்வளவோ முழமும் அவ்வளவே. பேரம் முடிந்த பிறகு அரைச் சாண் கூடுதலாக விட்டு அறுப்பது அதில் ஓர் உபசாரம். கடைக்காரர் தம் பலகையில் இரண்டு பித்தளை ஆணிகளை அடித்துவைத்தார். ஓர் ஆணியிலிருந்து மறு ஆணிவரை ஒரு முழம். யார் வந்தாலும் அதே அளவு. சிலருக்கு இது பிடித்தது. கூடுதல் அரைச் சாணுக்குப் பழகிய சிலர் கூடைக்கே திரும்பிப் போனார்கள். இருந்தாலும், அளவு ஐயமின்றித் தெரியும் இடம் என்ற பெயர் கடைக்கு நிலைத்தது.

பெரிய மாற்றம் மாலையில் வந்தது. தொடுத்த மல்லிகையை எவரும் விற்கலாம். சம்பங்கியும் அரளியும் மரிக்கொழுந்தும் கலந்து, சுவாமியின் திருமேனிக்கு ஏற்ற நீளத்தில், கனம் இருபுறமும் ஒத்து நிற்கும்படி மாலை கட்டுவதற்கு இடமும் ஆளும் நேரமும் வேண்டும். முக்குறுணி விநாயகருக்கு அறுகம்புல் மாலை, சுந்தரேசுவரருக்கு வில்வ மாலை, அம்மனுக்குத் தாமரை என்று முன்கூட்டிச் சொல்லிவைத்து வாங்குவோர் கூடைக்குப் போவதில்லை. வெளியூரில் வாழும் மதுரைக்காரர்கள் பிறந்த நட்சத்திரத்தன்று மாலை சார்த்தக் கேட்டு முதல்நாளே பணம் அனுப்புகிறார்கள். கட்டிய மாலையின் படம் வாட்ஸ்அப்பில் அவர்களுக்குப் போகிறது. வீட்டுப் பூஜைக்கு நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுக்கும் வாடிக்கைப் பூவும் இப்படித்தான். மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பது, கணக்கு எழுதிவைக்கும் கடைக்கே இயலும். முழம் விற்பனையில் போனதைக் கடை மாலையில் மீட்டுக்கொண்டது.

பூத்தொடுப்பதைத் தொழில் என்று மட்டும் பார்ப்பது நம் மரபு அன்று. திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என நால்வகை மலர்களையும் கொய்து, வகைவகையாக மாலை தொடுத்துச் சார்த்தியதையே தொண்டாகக் கொண்டு நாயன்மார் வரிசையில் இடம்பெற்றார். கருவூரில் சிவகாமியாண்டார் ஏந்திவந்த பூக்கூடையைப் பட்டத்து யானை சிதறடித்தது பொறாமல் எறிபத்தர் மழுவை வீசினார். அந்த வரலாற்றில் வருவதும் ஒரு கூடைதான் என்பதைச் சித்திரை வீதியில் நடப்பவர்கள் நினைவில் கொள்ளலாம்.

பூவின் புதுமை குறித்து ஒரு கேள்வி எழுகிறது. பக்தருக்கு இதுவே முதன்மையான கேள்வி. வாடிய பூவும் முகர்ந்த பூவும் பூஜைக்கு ஆகா. பனிக்கட்டிப் பெட்டி உள்ள கடையில் நேற்றைய மொட்டு இன்றும் மொட்டாகவே இருக்கக்கூடும். கண்ணுக்குப் புதிது, உண்மையில் பழையது. கூடைக்காரிக்கு அந்த வசதி இல்லை. இரவுக்குள் விற்றாக வேண்டும். ஆகவே அவருடைய பூ அன்றன்றைக்கு உரியது. வசதிக் குறைவே அவருடைய சரக்குக்கு நற்சான்று ஆகிவிடுகிறது! கடைக்காரர் இதை உணர்ந்து ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார்: பெட்டியில் வைத்த பூ தலைக்கு மட்டும், சுவாமிக்கு அன்றைய பூ மட்டும். வாங்குவோர் "அம்மனுக்கு" என்றால் தனித்தட்டிலிருந்து எடுத்துத் தருகிறார். தலைக்கு வாங்குவோரிடம் கேளாமலே நேற்றைய பூ என்று சொல்லி விலை குறைக்கிறார். சொல்லாமல் விற்கும் கடைகளும் வீதியில் இல்லாமல் இல்லை.

இனி, கடைக்காரரின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டம் படித்தவர், கடைப் பொறுப்பைப் பாதி ஏற்றவர். "வாடகை கட்டுகிறவன் எதிரிலேயே வாடகையில்லாமல் விற்றால் எப்படி?" என்று கேட்டு, கூடைகளை அகற்றக் கோரி மாநகராட்சிக்கு மனு எழுதினார். அவர் கேட்டதில் நியாயம் சிறிதும் இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆனால் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காப்பதற்கென்றே 2014ஆம் ஆண்டு மத்திய அரசு சட்டம் இயற்றியிருக்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுத்து, சான்றிதழ் வழங்கி, இடம் ஒதுக்கிய பிறகே மற்றவை என்பது அதன் சாரம். தவிரவும், கடைக்காரர்கள் பழைய நிகழ்ச்சி ஒன்றை மறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்தபின், திருக்கோயிலுக்குள் பல காலமாக இருந்த கடைகள் வெளியேற நேர்ந்தது. இடத்தை இழப்பது எத்தகையது என்று தந்தை அருகிலிருந்து கண்டவர். மனுவை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதற்குப் பதிலாக அவர் செய்தது கணக்கறிந்தவர் செய்கிற காரியம். கூடை அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. விடியுமுன் பேருந்து ஏறி மாட்டுத்தாவணி போய்வர இயலவில்லை. பூ வாங்க அவர் தண்டல்காரரிடம் பணம் வாங்கிவந்தார். காலையில் 900 ரூபாய் கையில் கொடுத்து மாலையில் 1,000 ரூபாயாகத் திரும்ப வாங்குவது அந்தக் கொடுக்கல் வாங்கலின் முறை. ஒரு நாளைக்கு வட்டி 11 விழுக்காட்டுக்கும் மேல்! எந்த வங்கியும் ஓர் ஆண்டுக்கு வாங்குகிற வட்டியை ஒரு பகலில் வாங்கிவிடுகிறார்கள். அம்மாள் விலை குறைத்து விற்றதெல்லாம் தண்டல்காரருக்காகத்தான். மாலைக்குள் பணம் சேர்ந்தாக வேண்டும் என்ற அச்சம் விலையைக் கீழே தள்ளியது.

"அக்கா, நான் சந்தையில வாங்குறதுல ஒரு கிலோ உங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வர்றேன். சந்தை விலைதான். வித்துட்டு ராத்திரி குடுங்க" என்றார் கடைக்காரர்.

அம்மாள் உடனே இசையவில்லை. "வண்டிக் கூலி யாரு தர்றது தம்பி?" என்று கேட்டாராம். கிலோவுக்குப் பத்து ரூபாய் என்று முடிவாயிற்று. மொத்தமாக எடுப்பதால் கடைக்காரருக்கும் கமிஷன் கடையில் விலை சற்றுக் குறைந்தது. தண்டல்காரர் தேவை நீங்கியதும் கூடையின் விலை தானாகவே இரண்டு, மூன்று ரூபாய் ஏறி, கடை விலைக்கு அருகில் வந்து நின்றது. இப்போது அந்த வீதியில் மூன்று கூடைகளுக்குப் பூ அவர் வண்டியில் வருகிறது. மகன் தம் பங்குக்கு வேறொரு வேலை செய்தார்: 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் ஈடு இல்லாமல் முதல் தவணையாக அப்போது 10,000 ரூபாய் கடன் கிடைத்துவந்ததை அறிந்து, அம்மாளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார். ஒழுங்காகக் கட்டி முடித்து, அப்போது அடுத்த தவணையாக இருந்த 20,000 ரூபாய்க்கும் அவர் தகுதி பெற்றார்.

போட்டி மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் திரளும்போது இருவரும் ஒரே வாடிக்கையாளரை நோக்கிக் குரல் கொடுப்பதுண்டு; ஒருவர் மற்றவரை முறைப்பதும் உண்டு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, கடைகள் மாற்றுப் பொதிக்குத் திண்டாடிய நாட்களில், எப்போதும்போல் வாழையிலையில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் அதை உரக்கச் சொல்லியே விற்றார். கடைக்காரரும் மறுவாரமே வாழையிலைக்கு மாறினார்.

இரவு, பள்ளியறை பூஜைக்காகச் சுந்தரேசுவரரின் திருப்பாதம் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும் வேளையில், காலையில் மொட்டாக வந்த மல்லிகை முழுதும் விரிந்திருக்கும். அதைக் காணச் செல்வோர் கடைசி முழங்களை வாங்கிக்கொண்டு விரைவார்கள். பிறகு வீதி சற்று ஓயும். கடைக்காரர் மாலைகளை இறக்கித் தண்ணீர் தெளிப்பார். அம்மாள் சாக்கை உதறி மடித்து, சில்லறையை எண்ணிப் பலகையின் இரண்டு ஆணிகளுக்கு நடுவே வைப்பார்.

"நாளைக்கு முகூர்த்தம் தம்பி, வெல ஏறும். எனக்கு அரைக் கிலோ போதும்."