எல் கமினோ சாலையில் ஒரு பழைய மதுக்கடை

பாலவாக்கம் கடற்கரைக்குக் காலாற நடக்க வரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சன்னிவேல் என்ற பெயர் காதில் விழ வாய்ப்பு அதிகம். மகனோ மகளோ அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருப்பார்கள். பேரப்பிள்ளைக்குத் துணையாக ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருவார்கள். கோல்டன் கேட் பாலம் பார்த்தாயிற்று, லிவர்மோர் கோயிலுக்கும் போயாயிற்று. அப்புறம்? ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பதுதான்.

அப்படிப்பட்டவர்கள், அடுத்த முறை எல் கமினோ ரியல் சாலையில் போகும்போது 157-ஆம் எண்ணைக் கவனிக்கலாம். மேற்குப் பக்கத்து 157. எல் கமினோ ரியல் என்றால் ஸ்பானிய மொழியில் ராஜபாட்டை. நம் ஈ.சி.ஆர். மாதிரி ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகும் சாலை. அந்த எண்ணில் இப்போது இருப்பது ரூஸ்டர் டி. ஃபெதர்ஸ் என்ற நகைச்சுவை மேடை. 1972-ல் அங்கே ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடை இருந்தது. உள்ளே போகத் தயங்குகிறவர்கள் வெளியே நின்று பார்த்தாலே போதும்.

அந்த ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இரண்டு பொறியாளர்கள் ஆளுக்கு 250 டாலர் போட்டு அட்டாரி கம்பெனியைப் பதிவு செய்தார்கள். ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில், செஸ்ஸில் ‘செக்’ சொல்வதுபோல எச்சரிக்கும் சொல் அட்டாரி.

முந்தைய ஆண்டே இருவரும் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்ற காசு போட்டு ஆடும் வீடியோ கேமை உருவாக்கியிருந்தார்கள். பக்கத்து ஊரான மவுண்டன் வியூவில் நட்டிங் அசோசியேட்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. பெரிதாக ஓடவில்லை. ஆடும் முன் நீளமான விளக்கத்தைப் படிக்க வேண்டும். மதுக்கடைக்கு வந்தவன் பாடமா படிப்பான்?

அடுத்து வேலைக்குச் சேர்ந்தவர் ஆலன் அல்கார்ன், வயது 24. பயிற்சிக்காக டேபிள் டென்னிஸ் போல ஓர் ஆட்டம் செய்யச் சொன்னார் புஷ்னெல். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னார். பையன் அதை நம்பி உழைத்தார். மட்டையை எட்டுப் பாகமாகப் பிரித்து, எந்தப் பாகத்தில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் பந்து திரும்பும்படி செய்தார். ஆட ஆடப் பந்தின் வேகம் கூடும். மட்டை திரையின் மேல் விளிம்புவரை போகாது. அது சுற்றில் இருந்த குறைதான். அந்தக் குறை இல்லாவிட்டால் ஆட்டம் முடியாமல் போகுமே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மைக்ரோபிராசஸரும் இல்லை, புரோகிராமும் இல்லை, எல்லாமே சில்லுகளும் கம்பிகளும்தான். திரைக்குக் கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளை டி.வி.

சத்தம் வேண்டும் என்றார்கள். புஷ்னெல் கேட்டது கூட்டத்தின் ஆரவாரம், டாப்னி கேட்டது தோற்றவருக்கு ஏளனக் கூச்சல். அல்கார்ன் சுற்றில் ஏற்கெனவே இருந்த ஓர் ஒலியை எடுத்துக் கொடுத்தார். அதுதான் ‘பாங்’.

அந்தப் பெட்டியைத்தான் ஆண்டி கேப்ஸில் வைத்தார்கள். சில நாளில் கடையிலிருந்து போன்: மெஷின் ரிப்பேர். அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். சுற்றில் ஒரு கோளாறும் இல்லை. உண்டியல் நிரம்பி, போடும் கால் டாலர்களுக்கு இடமில்லாமல் போயிருந்தது!

இந்த வெற்றிக்கு ஒரு வழக்கும் உண்டு. ரால்ஃப் பேர் வடிவமைத்த, வீட்டு டி.வி.யில் ஆடும் மேக்னவாக்ஸ் ஒடிசியின் டென்னிஸை 1972 மே மாதமே புஷ்னெல் பார்த்திருந்தார். மேக்னவாக்ஸ் வழக்குப் போட, 1976-ல் அட்டாரி பணம் கட்டி உரிமம் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு வார்னர் நிறுவனம் அட்டாரியை 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது.

டாப்னி அப்போது அங்கே இல்லை. 1973-லேயே வெளியேறிவிட்டார். டி.வி. திரையில் புள்ளியை நகர்த்தும் சுற்றை, மகளின் படுக்கையறையைக் காலி செய்து அங்கே உட்கார்ந்து செய்ததாக அவர் பின்னாளில் சொன்னார். பாங்கின் முதல் மரப்பெட்டியும் அவர் கைவேலை. பல ஆண்டுகள் பத்திரிகைகள் புஷ்னெல் பெயரை மட்டுமே எழுதின. டாப்னி மனைவியோடு கலிபோர்னியாவின் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்தினார். 2018-ல், 81 வயதில் காலமானார்.

அட்டாரி பின்னர் சன்னிவேலிலேயே போரெகாஸ் அவென்யூவில் தலைமையகம் வைத்தது. பெர்சியன் டிரைவில் இருக்கும் சன்னிவேல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அது அதிக தூரமில்லை. மரப்பெட்டியைப் பார்க்க மட்டும் மவுண்டன் வியூவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்குப் போக வேண்டும். பேரனைக் கூட்டிப் போனால், இதில் ஆடுவது எப்படி என்று அவனுக்கு விளக்கவே வேண்டாம்.