பள்ளியில் போடாத ஊசி



2025 அக்டோபரில் நாடு முழுவதும் சுமார் 6,000 மாணவர்கள் இன்புளுவென்சா காய்ச்சலுக்கு ஆளாயினர் என்றும் சில பள்ளிகள் மூடப்பட்டன என்றும் கல்வி அமைச்சு அறிவித்தது. செந்தூலில் எனது இரண்டாம் ஆண்டு வகுப்பிலும் அந்நாள்களில் பல நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

"சாதாரண சளிதான் டீச்சர், பனடோல் கொடுத்திருக்கேன்" என்று கூறி, ஒரு தாயார் மகனை விட்டுச் சென்றார். பனடோல் காய்ச்சலைச் சில மணி நேரம் அடக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. ஓய்வு நேரத்திற்குள் சிறுவன் மேசையில் தலைசாய்த்துவிட்டான். அதற்குள் எத்தனை பேரிடம் அழிப்பான் இரவல் வாங்கியிருப்பான்! மறுவாரம், அவன் பக்கத்தில் அமரும் மாணவியின் பாட்டி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அத்தாயாரைக் குறைகூறவும் எனக்கு மனம் வரவில்லை; விடுப்பு எடுத்தால் அவருக்கு அன்றைய சம்பளம் இல்லை.

இதைத் தடுக்க ஊசி உண்டே என்றால், "அதான் ஸ்கூல்லயே போடுறாங்களே" என்கின்றனர் பெற்றோர் பலர். முதலாம் ஆண்டில் போடப்படுவது தொண்டை அடைப்பான், தட்டம்மை முதலியவற்றுக்கான ஊசி. இன்புளுவென்சா ஊசி அப்பட்டியலில் இல்லை. நாமே கிளினிக்கில் கட்டணம் செலுத்திப் போட வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது சிறிய தொகையன்று என்பதை அறிவேன்.

அதையும் ஆண்டுதோறும் போட வேண்டியுள்ளது. இக்கிருமி ஓயாமல் உருமாறுவதால், உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடித் தடுப்பூசியின் கலவையைப் பரிந்துரைக்கிறது. ஊசியே காய்ச்சலை உண்டாக்கும் என்பது தவறு. வழக்கமாகப் போடப்படும் ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. ஓரிரு நாள் கைவலியோ இலேசான உடற்சூடோ வரலாம். போட்ட பின்னும் காய்ச்சல் வரக்கூடும். ஆனால் நோய் முற்றி மருத்துவமனைக்குச் செல்லும் நிலை வெகுவாகக் குறையும். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரமாகும். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை முதன்முறையாகப் போடும்போது, நான்கு வார இடைவெளியில் இரு ஊசிகள் தேவை.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இதையும் கவனியுங்கள். 60 வயதைக் கடந்த, நாட்பட்ட நோயுள்ள மூத்தோருக்கு இலவசமாக ஊசி போடும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2024இல் தொடங்கியது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் விசாரியுங்கள். போகும்போது அடையாளக் கார்டையும் அவர்களின் மருந்துப் புத்தகத்தையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.