ஒப்புநோக்காளர் என்றொரு சீட்டு

சீட்டுகள் எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஆயினும் சென்ற மாதம் மகள் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றை மேசையில் பரப்பிவைத்து, "அப்பா, இதிலே இல்லாத ஓர் ஆளை நீங்கள் சேர்ப்பதென்றால் யாரைச் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டபோது, அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலவில்லை.

டாரட் பிறந்தது குறிசொல்வதற்காக அன்று. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்கள் ஆடிய கடதாசி விளையாட்டே அது. எகிப்தியரின் மறைஞானம் அதற்குள் ஒளிந்திருப்பதாக 1781இல் பிரான்சில் கூர் த ஜெபெலின் என்பவர் எழுதிய பின்னரே அதற்கு மர்மம் கூடிற்று. இன்று உலகெங்கும் பரவியுள்ள கட்டு 1909இல் இலண்டனில் வெளிவந்தது. வெய்ற் என்பவர் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் 78 சித்திரங்களையும் வரைந்தார். ஆனால் பதிப்பாளரின் பெயராலும் வெய்ற்றின் பெயராலுமே அக்கட்டு நெடுங்காலம் வழங்கியது.

பெயர் விடுபட்டவர் என்றதும் எனக்கு மாஸ்டரின் முகம் தெரிந்தது.

தொண்ணூறுகளில் கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையில் அவர் ஒப்புநோக்காளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்த இரவு, நான் எழுதிக்கொடுத்த இறந்தோர் பட்டியலில் ஒரு பெயரின்மேல் சிவப்புப் பேனையை வைத்துக்கொண்டு, "தம்பி, இந்த மனிசன் செத்தது உமக்கு வடிவாத் தெரியுமோ?" என்றார். பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய நேரம் கடந்திருந்தது. அவர் அசையவில்லை. எரிச்சலோடு வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த மனிதர் காயங்களோடு உயிருடன் இருந்தார். தலைப்பெழுத்து ஒன்று மாறியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே என் சீட்டில் இருப்பவர் ஒப்புநோக்காளர். மேசை விளக்கின் கீழே குனிந்த முதுகு, கையில் சிவப்புப் பேனை, நிழலில் மறைந்த முகம். யன்னலுக்கு அப்பால் உறங்கும் நகரம். டாரட்டின் 22 பெருஞ்சீட்டுகளும் பூச்சியத்தில் மூடனோடு தொடங்கி 21இல் உலகத்தோடு முடிகின்றன. இவருக்கு 22ஆம் எண்ணைக் கொடுத்தேன். உலகம் முடிந்த பிறகும் அதை ஒருமுறை சரிபார்க்க யாரேனும் வேண்டுமல்லவா? நேராக விழுந்தால் இச்சீட்டின் பொருள்: சொல்லுமுன் இன்னொரு தரம் பார்.

மகள் உற்சாகமாக வரையத் தொடங்கினாள். பிறகு, "தலைகீழாக விழுந்தால்?" என்றாள்.

டாரட்டில் கவிழ்ந்த சீட்டுக்கு வேறு பொருள் உண்டு. அதை நான் யோசித்திருக்கவில்லை. எனினும் விடை உடனே வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம், ஆனையிறவு வீழ்ந்ததன் பின்னர், அவசரகால விதிகளின் கீழ் செய்தித் தணிக்கை இறுக்கப்பட்டது. தணிக்கையாளர் வெட்டிய இடங்கள் பத்திரிகைகளில் வெறுமையாகவே வெளிவந்தன. ஒருநாள், என் செய்தியிலிருந்து ஒரு வரியை அவரிடம் அனுப்புமுன்னரே நானாக அடித்தேன். அது பிழையான வரி அன்று. சரிபார்த்து எழுதிய வரி. பயந்தேன். வெட்டியது நானாகையால் வெறுமையான இடம்கூட மிஞ்சவில்லை. மாஸ்டரிடமிருந்து பழகிய அதே சிவப்புப் பேனைதான்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, மகளுக்குச் சொன்னேன். அவள் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த வரி ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருந்தது. எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அவள் அதைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள்.