பேருக்குத்தான் நாய்!

"நாயைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய்?" என்று மகளிடம் அலுத்துக் கொண்டேன். "பேருதாம்மா நாய். இறங்கிப் பாரேன்" என்று சிரித்தாள்.

அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்து பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு ஜூன் மாதம் போயிருந்தோம். மண் சாலையோரம் 'ராபர்ட்ஸ் பிரெய்ரி டாக் டவுன்' என்ற இடம். கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. அதில் புற்றுப் புற்றாக மண்மேடுகள். மேட்டுக்கு ஒன்றாக, முன்னங்கால்களை மார்போடு சேர்த்துக் கொண்டு நிமிர்ந்து நிற்கின்றன, கொழுகொழுவென்று! அணில் இனம்தானாம். குரைப்பது போலக் கத்துவதால் 'டாக்' என்று பேர் வந்துவிட்டது.

நாலு வயசுப் பேரன் குதித்துக்கொண்டு ஓடினான். ஒன்று குரல் கொடுத்ததுதான் தாமதம், சுற்றியிருந்தவை எல்லாம் வளைக்குள் பாய்ந்து விட்டன. காரோரமாக அசையாமல் நின்றோம். முதலில் ஒரு தலை, பிறகு இரண்டு... எதிர்ப்பட்ட இரண்டு, முத்தமிடுவது போல வாயோடு வாய் வைத்தன. நம் குடும்பம்தானா என்று பார்த்துக் கொள்கிற வழக்கமாம் அது!

வீடு கட்டும் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். ஒரு வாசலின் மேடு உயரம், இன்னொன்று தாழ்வு. தாழ்ந்த வாசலில் நுழையும் காற்று உயர்ந்த வாசல் வழியே வெளியேறும். உள்ளே புல் மெத்தை. பிறந்து சுமார் ஆறு வாரம் வரை குட்டிகள் வெளியே தலை காட்டுவதில்லை.

அப்படி வெளியே வந்த ஒரு குட்டியிடம் பேரன் பிஸ்கட்டை நீட்டினான். நானும், "பாவம், போடுடா கண்ணா" என்றேன். மகள் சட்டென்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னம்மா நீ! கடிச்சிடும். அதோட, அது மேலே இருக்கிற தெள்ளுப்பூச்சியால பிளேக் வரலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுமார் 1900-ல் கப்பல் வழியாக அமெரிக்கா வந்த நோய் அது. பாவம், அந்தப் பிராணிகளையே ஊர் ஊராக அழிக்கிறது. 2008-ல் பக்கத்து கோனாட்டா பேசினிலும் பரவியது. அதனால் வளைகளில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து தூவுகிறார்கள். இவை போனால், இவற்றையே தின்று இவற்றின் வளையிலேயே குடியிருக்கும் கறுப்புக்கால் ஃபெரெட்டும் போய்விடும். கீரி போன்ற அந்தப் பிராணி அடியோடு அழிந்ததாகவே நினைத்திருந்தார்கள். 1981-ல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்வி வந்தபோதுதான், மிச்சம் இருப்பது தெரிந்தது. 1994-ல் இந்தப் பூங்காவிலும் கொண்டுவந்து விட்டார்கள்.

பிள்ளைகளுடன் அங்கே போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: தள்ளி நின்றே பாருங்கள். வளைக்குள் கைவிட விடாதீர்கள், பாம்பு இருக்கலாம். மூடிய ஷூவும் நீளக் கால்சட்டையும் அவசியம். ஊர் திரும்பிய சில நாளில் காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிளேக்குக்கு நல்ல மருந்து உண்டு.

பேரனுக்கு மனசே ஆறவில்லை. "அதுக்குப் பசிக்காதா பாட்டி?"

"அதோட அம்மா புல்வெளிக்கே கூட்டிட்டு வந்திருக்காளேடா!" என்றேன். எட்டிப் பார்த்தான். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து குட்டி புல்லைக் கொறித்துக் கொண்டிருந்தது. பிறகுதான் தன் பிஸ்கட்டைக் கடித்தான்.