கடல் கடந்தும் தொடரும் உழைப்பின் ஊதியம்



பொருளீட்டுவதற்காகக் கடல் கடப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று நம் பாட்டனார்கள் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரர்கள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறினார்கள். ஆயினும் அந்நாளில் பயணம் போனவர்கள் இளைஞர்களே. வயது முதிர்ந்தோர் ஊரில்தான் இருந்தார்கள். இன்றோ நிலைமை வேறு. வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழும் பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் பெற்றோரையும் தம்மோடு அழைத்துக்கொள்கிறார்கள். போற்றத்தக்க செயல்தான், ஐயமில்லை.

அவ்வாறு அழைத்துச் செல்லப்படும் பெற்றோரில் ஆசிரியராகவோ, எழுத்தராகவோ, செவிலியராகவோ அரசுப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். மாதந்தோறும் அரசு அவர்களுக்கு வழங்கும் ஓய்வூதியம், அவர்கள் நாடு விட்டுச் சென்ற பின் என்ன ஆகிறது? அதைப் பற்றி நீங்கள் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

"மகன் கைநிறையச் சம்பாதிக்கிறான். பெரியவருக்கு வேண்டியதையெல்லாம் அவனே செய்கிறான். இந்தச் சிறு தொகைக்காக அலைவானேன்?" என்று கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு விடை சொல்லும் பொருட்டே என் தந்தையாரைப் பற்றி இங்கு எழுத முற்படுகிறேன்.

கொடையன்று, உரிமை

என் தந்தையார் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து, 1994ஆம் ஆண்டில் தம் 58ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 2011ஆம் ஆண்டில் அவரையும் உம்மாவையும் நான் ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொண்டேன். மாதம் பிறந்ததும் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "தம்பி, பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்" என்பதுதான். ஏறிவிட்டது என்று தெரிந்தவுடன் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்துவிடுவார். ஊரில் கணவரை இழந்து வாழும் தம் தங்கைக்கு, அதாவது எங்கள் மாமிக்கு, 1,500 ரூபாய். உம்மாவின் கைச்செலவுக்கு ஒரு தொகை. பேரப்பிள்ளைகளின் பெருநாள் காசுக்கென்று ஒரு பங்கு. எல்லாவற்றையும் பள்ளி வருகைப் பதிவேடு போல் வரிசையாக எழுதி வைப்பார்.

ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையன்று. நகரா வழக்கில் 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக உரைத்துவிட்டது. ஒருவர் தம் நல்ல வயதில் ஆற்றிய பணிக்காக, முதுமையில் பெறும் உரிமை அது. அந்நாளையே ஓய்வூதியர் தினமாக இன்றும் கொண்டாடி வருகிறார்கள். உரிமையுடையவர் ஊர் மாறினாலும் நாடு மாறினாலும் அவ்வுரிமை அழிவதில்லை. ஆனால் அதைக் காத்துக்கொள்ள ஆண்டுதோறும் ஒரு கடமையை நிறைவேற்றியாக வேண்டும். தாம் உயிரோடிருப்பதை அவர் மெய்ப்பிக்க வேண்டும்.

உயிரோடிருப்பதற்கு ஒரு சான்று

அதற்கான தாள்தான் வாழ்நாள் சான்றிதழ். மத்திய அரசின் ஓய்வூதியர்கள் அதை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். தமிழக அரசின் ஓய்வூதியர்களுக்கு இது 'நேர்காணல்' என்ற பெயரில் கருவூலத்தின் வழியாக நடைபெறுகிறது. முன்பு எல்லாருக்கும் ஒரே பருவத்தில் நடந்த இந்நேர்காணல், இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நடைபெறுகிறது. எனவே உங்கள் வீட்டுப் பெரியவருக்கு உரிய மாதம் எது என்பதைக் கருவூலத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வாழ்பவர் இதற்காக விமானமேறி வரவேண்டியதில்லை. அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ நேரில் தோன்றிச் சான்றிதழில் கையொப்பம் பெற்று அனுப்பலாம். அங்குள்ள நீதித்துறை நடுவர், நோட்டரி, வங்கி அதிகாரி ஆகியோரின் சான்றையும் விதிகள் ஏற்கின்றன. 2014ஆம் ஆண்டு நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணுச் சான்றிதழ் முறை வந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரில், கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதியும் அதனுடன் சேர்ந்தது. அதற்கு ஆதார் அட்டை அவசியம். தங்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம், நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்து அவ்வாறு பெறும் சான்றை ஏற்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

முதன்முறை தூதரகத்துக்குச் சென்று திரும்பும் வழியில் வாப்பா சிரித்தார். "நான் இருக்கிறேன் என்பதற்கு என்னிடமே சான்று கேட்கிறார்கள், தம்பி! கேட்கும்வரைக்கும் நல்லதுதான்" என்றார்.

நின்றுபோன நான்கு மாதங்கள்

2014ஆம் ஆண்டில் அந்தச் சான்றிதழ் வழியில் எங்கோ தங்கிவிட்டது. நாங்கள் உரிய காலத்தில் அனுப்பியிருந்தோம். ஆயினும் உரிய ஏட்டில் அது பதிவாகவில்லை. ஓய்வூதியம் நின்றது.

எங்கள் வீட்டில் அதனால் அடுப்பு அணைந்துவிடவில்லை. மருந்துக்கும் உணவுக்கும் குறைவில்லை. ஆனால் வாப்பா மாறிவிட்டார். நோட்டுப் புத்தகம் அலமாரிக்குள் போயிற்று. பேரப்பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போவது நின்றது. தேய்ந்த செருப்பை மாற்ற வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்கவில்லை. நான் பார்த்து வாங்கி வந்தபோது, விருந்தினர் ஒருவர் பரிசு பெறுவதுபோல் கூச்சத்துடன் வாங்கிக்கொண்டார். பெற்ற மகனின் வீட்டில் என் தந்தை விருந்தாளியாகிவிட்டதை அன்று கண்டேன்.

"மாமிக்கு இந்த மாதம் நான் அனுப்பிவிடுகிறேன், வாப்பா" என்றேன்.

"அனுப்பு, தம்பி. அது உன் கையால் நீ செய்யும் உதவி. அதன் நன்மை உனக்கு. ஆனால் என் தங்கைக்கு நான் கொடுப்பது வேறு. முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் தூசியில் நின்று சம்பாதித்த காசு அது" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கும் பேச நா எழவில்லை.

மறுபடியும் தூதரகத்துக்குச் சென்றோம். புதிய சான்றிதழை ஊரிலிருந்த என் மைத்துனருக்கு அனுப்பினோம். அவர் அதை நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினார். நான்கு மாதங்கள் கழித்து ஓய்வூதியம் நிலுவையோடு வந்து சேர்ந்தது. சான்று தாமதமானால் பணம் நிற்குமேயன்றி உரிமை அழியாது என்பதை அன்று கண்கூடாக அறிந்தோம். வாப்பா அன்றே மாமிக்கு நான்கு மாதத் தொகையையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். மாலையில் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் எனக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தார். ஐம்பதை நெருங்கிய வயதில் தந்தையிடமிருந்து சட்டை பெற்ற பேறு எனக்கு வாய்த்தது!

2016ஆம் ஆண்டில் அவருக்கு 80 வயது நிறைந்தது. அவ்வயதில் அடிப்படை ஓய்வூதியத்தோடு 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85, 90, 95 வயதுகளில் அது மேலும் உயரும். 100 வயதில் இருமடங்காகும். "அரசாங்கமே எனக்கு நீண்ட ஆயுளை வேண்டுகிறது" என்று எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

நாட்டுக்கு நாடு வேறுபடும் சட்டம்

இதற்கு நேர்மாறாக, வெளிநாட்டில் உழைத்துவிட்டு முதுமையில் தாயகம் திரும்புவோரும் நம்மில் உண்டு. அவர்கள் அந்நாட்டுச் சட்டத்தை முன்னரே அறிந்திருப்பது அவசியம். பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டில் போதிய ஆண்டுகள் சந்தா செலுத்தியவர் இந்தியாவில் வாழ்ந்தாலும் அரசு ஓய்வூதியம் பெறுவார். ஆனால் இங்கு வந்தபின் அத்தொகை உயராது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கு அறிமுகமான புதிய ஓய்வூதியத்தின் முழு அளவு வாரத்துக்கு 155.65 பவுண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அது 230.25 பவுண்டாக உயர்ந்தது. அமெரிக்காவில் குடியேறியவருக்கு அந்த உயர்வு உண்டு; இந்தியாவில் குடியேறியவருக்கு இல்லை. 2016இல் இங்கிருந்தபடி முழுத் தொகையைப் பெறத் தொடங்கியவருக்கு அதே 155.65 பவுண்டுதான்! தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த அனெட் கார்சன் என்னும் பெண்மணி இதை எதிர்த்து வழக்காடினார். பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2005இலும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இலும் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. ஆகவே தாயகம் திரும்பும் முடிவை எடுக்குமுன் இக்கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு ஓய்வூதியர் வெளிநாட்டில் நிலையாகத் தங்கினால் வேறு சில மாற்றங்கள் உண்டு. அவருடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஓய்வூதியம் அதில் ரூபாயாக வரவாகும்; உரிய வரியைச் செலுத்தியபின் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொள்ளவும் வழியுண்டு. வரியைக் கணக்கிடும்போது, உள்நாட்டில் வாழும் மூத்த குடிமக்களுக்குப் பழைய வரிமுறையில் உள்ள கூடுதல் விலக்கு வரம்பு வெளிநாட்டில் வாழ்பவருக்குக் கிடையாது. ஒருமுறை ஆடிட்டரைக் கலந்துகொள்வது வீண் செலவாகாது.

உம்மாவின் பெயரில்

2022ஆம் ஆண்டில் வாப்பா மறைந்தார். அதன்பின் உம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கோர வேண்டியிருந்தது.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். நம் பெண்களின் பெயர் ஒரு தாளில் பீவி என்றிருக்கும். மற்றொன்றில் பேகம் என்றிருக்கும். குடும்ப அட்டையில் ஒரு பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் வேறொரு தேதியும் இருக்கும். கணவர் உயிரோடிருக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. அவர் கண்மூடிய பிறகு அந்த ஓரெழுத்து வேறுபாடே மலையாக வந்து நிற்கும். வாப்பா ஆசிரியரல்லவா? நாடு விட்டு வருமுன்பே தம் ஓய்வூதியக் கொடுப்பாணையில் உம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா என்று பார்த்துத் திருத்தி வைத்திருந்தார். அந்நாட்டு இறப்புச் சான்றிதழைப் பெற்று, நம் துணைத் தூதரகத்திலும் இறப்பைப் பதிவு செய்து, கொடுப்பாணையோடு விண்ணப்பித்தோம். காலம் பிடித்தது, ஆனால் தடை ஏற்படவில்லை.

இறப்பை உடனே தெரிவிப்பதும் நம் கடமையாகும். பெரியவர் மறைந்த பின்னும் அவருடைய கணக்கில் வரும் ஓய்வூதியத்தை அட்டையிட்டு எடுப்பது நமக்கு உரிமையில்லாத பணத்தை எடுப்பதாகும். அரசு அதைத் திரும்பப் பெறும். அதுவரை அது நம் கையிலிருக்கும் அமானிதமேயன்றி வேறன்று.

முதல் தொகை வந்த அன்று உம்மாவிடம் சொன்னேன். வாழ்நாளில் வங்கி வாசலை மிதித்திராத அவர், "என் பெயரிலா வந்திருக்கிறது?" என்று இருமுறை கேட்டார். பிறகு, "மாமிக்கு வாப்பா கொடுப்பதை நிறுத்திவிடாதே. இனி நான் கொடுக்கிறேன்" என்றார்.

அன்பர்களே! பெற்றோரை உங்களோடு அழைத்துக்கொள்ளும்போது அவர்களுடைய துணிமணிகளையும் மருந்துகளையும் மட்டும் கட்டி எடுத்து வராதீர்கள். ஓய்வூதியக் கொடுப்பாணை, வங்கிப் புத்தகம், ஆதார் அட்டை, சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து வையுங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய வங்கி அட்டை உங்கள் சட்டைப் பையில் இருந்தாலும், அந்தப் பணத்தை என்ன செய்வது என்று சொல்லும் உரிமை அவர்களிடமே இருக்கட்டும்.

மூன்று வேளை உணவும் குளிரூட்டிய அறையும் நம்மால் கொடுக்க இயலும். பெற்ற பிள்ளையிடமும் கைநீட்டாமல், பிறருக்குக் கொடுத்து மகிழும் நிலை அவர்கள் உழைத்துத் தேடியது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நாள் விடுப்பெடுத்து, அவர்கள் கைபிடித்துத் தூதரகப் படியேறினால் அந்நிலை அவர்களை விட்டு நீங்காது. அந்த ஒரு நாளை நாம் ஒதுக்க வேண்டாமா?